படத்துக்குக் கீழே ஒரு பெயர்



ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றிப் போன மாதம் எழுதியபோது, "பெரியம்மா, இவ்ளோ நீளமா எழுதினா யாரு படிப்பாங்க?" என்று என் தங்கை மகன் கேட்டான். இது அதைவிட நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் இப்போது காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டான். அவன் மகள் கல்லூரியில் விஸ்காம் படிக்கிறாள். நகரத்தின் தென்பக்கத்தில் இருக்கும் ஒரு கேலரிக்குப் புகைப்படக் கண்காட்சி பார்க்க வகுப்போடு போயிருக்கிறாள். அங்கே சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தலையில் அன்னக்கூடை, வாயில் வெற்றிலை, படம் எடுப்பவரைத் திட்டப்போகிற மாதிரி ஒரு பார்வை. கீழே சின்ன அட்டையில், 'மீனவப் பெண், வட சென்னை' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் 2/7 என்று ஓர் எண்.

அந்த மீனவப் பெண் அவளுடைய கொள்ளுப்பாட்டி.

அன்றைக்கு ராத்திரியே அவன் எனக்குப் போன் செய்தான். "டீச்சர், எங்க ஆயா செத்து பத்து வருஷம் ஆவுது. எங்க வூட்ல அதுக்கு ஒரு போட்டோ கெடையாது. காரியத்துக்குக்கூட ரேஷன் கார்டுல இருந்ததத்தான் பெருசு பண்ணி வெச்சோம். மூஞ்சே தெரியல. இப்ப அங்க மாட்டி வெச்சிருக்காங்களே, அது யாருது டீச்சர்?"

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் வகுப்பில் கேள்வி கேட்டால் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்கிற பையன். அவன் கேட்ட இந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. 'விசாரிச்சுச் சொல்றேன்ப்பா' என்றேன். விசாரித்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில், எனக்கும் புகைப்படக் கண்காட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று சில பேர் நினைப்பீர்கள். ரிடையர் ஆன பிறகு வந்த பழக்கம் இது. 2019 பிப்ரவரியில் சென்னை போட்டோ பைனாலே இரண்டாம் முறையாக நடந்தது. முதல் முறை நடந்தது 2016இல். பைனாலே என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி என்று அர்த்தமாம். 2019இல் அதன் கலை இயக்குநர் பெங்களூருவைச் சேர்ந்த ஓவியரும் புகைப்படக் கலைஞருமான புஷ்பமாலா. கடற்கரைச் சாலையில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் படங்களை வைத்திருந்தார்கள். உள்ளே போட்டோ பார்ப்பதைவிட அந்தக் கட்டடத்தின் உள்பக்கத்தைப் பார்க்கத்தான் திருவொற்றியூரிலிருந்து பஸ் மாறிப் போனேன். சிஷோல்ம் கட்டியது, 1874இல் ஆரம்பித்து 1879இல் முடித்தது என்று பாடம் நடத்தியிருக்கிறேனே தவிர, அதற்குமுன் உள்ளே கால் வைத்ததில்லை.

போன நேரத்தில் ஓர் இளம்பெண் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு படம் படமாக நின்று விளக்கிக்கொண்டிருந்தாள். நானும் பின்னாலேயே போனேன். வகுப்பு எடுக்கிற மாதிரியேதான் இருந்தது. ஆனால் அவள் ஒரு படத்தின் முன்னால் நின்றதும் பேசவில்லை. "ரெண்டு நிமிஷம் சும்மா பாருங்க. அட்டையைப் படிக்காதீங்க" என்றாள். இரண்டு நிமிஷம் ஒரு படத்தைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் அரை நிமிஷத்திலேயே 'பார்த்தாச்சு' என்று தோன்றுகிறது. அதற்குப் பிறகுதான் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் ஆள் தெரிகிறார், வெளிச்சம் எந்த ஜன்னலிலிருந்து வருகிறது என்று தெரிகிறது, யாருடைய கண் கேமராவைப் பார்க்கவில்லை என்று தெரிகிறது.

அந்த எண்ணுக்கும் அன்றைக்குத்தான் அர்த்தம் கேட்டேன். நெகட்டிவ் இருந்தால் ஆயிரம் பிரிண்ட் போடலாமே, அதற்கு ஏன் இவ்வளவு விலை என்பது என் சந்தேகம். புகைப்படக் கலைஞர், இந்தப் படத்தை ஏழு பிரிண்டுக்குமேல் போட மாட்டேன் என்று உறுதி கொடுத்து, ஒவ்வொன்றிலும் எண் போட்டுக் கையெழுத்திடுவார். அதை எடிஷன் என்கிறார்கள். 2/7 என்றால் ஏழில் இரண்டாவது. வாங்குகிறவர் பணம் கொடுப்பது படத்துக்கும், அது எங்கும் நிறைந்து கிடக்காது என்ற அந்த வாக்குறுதிக்கும். காகிதமும் நம் ஸ்டுடியோ காகிதம் அல்ல. பஞ்சில் செய்தது, அமிலம் சேராதது, பல பத்தாண்டுகள் பழுக்காமல் இருக்கும். இப்படிச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 2022இல் நியூயார்க்கில் மான் ரே என்ற கலைஞர் 1924இல் எடுத்த ஒரே ஒரு படம் 1 கோடியே 24 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இதைச் சொன்னபோது என் நாத்தனார், "அதுல திருவொற்றியூரையே வாங்கலாமே" என்றார்.

காசிமேட்டு ஆயா படத்தின் விலையையும் விசாரித்தேன். லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

கேள்விக்குப் பதில் தேடப் போனால், அது இந்த ஊரிலேயே 1856இல் தொடங்குகிறது.

அந்த வருடம் ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் கிளம்பியது. இதை நீங்கள் மனப்பாடமாகச் சொல்வீர்கள், பிரம்பு வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் சொல்லிக் கொடுக்காதது, எனக்கே தெரியாதிருந்தது, அதே 1856இல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி ஆரம்பமானது. ஆரம்பித்தவர் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற டாக்டர். 1850இல் பிராட்வேயில் ஒரு கலைப் பள்ளி தொடங்கினாரே, அவரேதான். அந்தப் பள்ளிதான் இன்றைக்கு எழும்பூர் பக்கம் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. பாரிஸில் டாகேரின் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தது 1839. பதினேழே வருடத்தில் மெட்ராஸில் புகைப்படக்காரர்கள் கூடிப் பேசவும், படங்களை மாட்டி வைத்து விமர்சிக்கவும் ஒரு சங்கம் வந்துவிட்டது. கேலரியில் நின்று பேசுவது ஏதோ நேற்று வந்த மேல்நாட்டு நாகரிகம் என்று நினைத்திருந்தேன். நம் ஊரில் அதற்கு ரயிலின் வயது.

அதே 1856இல் மெட்ராஸ் மாகாண அரசு லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியை அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. இவர் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதினைந்து அங்குலம் அளவில், மெழுகு தோய்த்த காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். நம் வெயிலுக்கு அதுதான் தாங்கியது. வானம் வெறும் வெள்ளையாக விழுந்தால் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் வரைந்துவிடுவார். இன்றைக்கு போட்டோஷாப் செய்கிறார்கள் என்று குறை சொல்கிறோம்! தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 1858இல் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, பத்தொன்பது அடிக்கும் மேல் நீளமான ஒரே சுருளாக்கினார். ராஜராஜன் வெட்டிய எழுத்துகள், கேமராவில் முதல்முறை.

எழும்பூர் மியூசியத்துக்கு உங்களை எத்தனை முறை அழைத்துப் போயிருப்பேன்! அங்கே இருக்கும் அமராவதி சிற்பங்களையும் அவர் 1858இல் எடுத்தார். வால்டர் எலியட் தோண்டி மெட்ராஸுக்கு அனுப்பிய கற்கள் அவை. அடுத்த வருடம் அவற்றில் பெரும்பகுதி கப்பலேறி லண்டன் போய்விட்டது, இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அவை நம் ஊரில் இருந்த கோலத்துக்குச் சாட்சி ட்ரைப்பின் படங்கள்தான்.

1859இல் கவர்னராக வந்த ட்ரெவெல்யன், இதெல்லாம் அரசுக்குத் தேவையில்லாத ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். நூற்றைம்பது வருடம் கழித்து, 2014இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் ட்ரைப்புக்கென்று தனிக் கண்காட்சி வைத்தார்கள். பிறகு நியூயார்க், லண்டன். கவர்னருக்கு ஆடம்பரமாகத் தெரிந்ததை இப்போது கண்ணாடிக்குள் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, காவலாளி போட்டுக் காட்டுகிறார்கள்.

ட்ரைப்புக்கு ஐயாசாமி என்று ஒரு தமிழ் உதவியாளர் இருந்தார். எனக்கு இவர்மேல்தான் ரொம்பப் பிரியம். படமெடுக்கவும், மருந்து கலக்கவும், பிரிண்ட் போடவும் தெரிந்தவர். அவர் பெயர் ஏடுகளில் இருப்பதால்தான் இன்றைக்கு நான் உங்களிடம் சொல்ல முடிகிறது. சாமான் தூக்கியவர்கள், வண்டி ஓட்டியவர்கள், தண்ணீர் கொண்டுவந்தவர்கள் யாரென்று சொல்ல முடியாது. அந்தப் படங்களில் மனிதர்களும் அபூர்வம். கோபுரங்களும் மண்டபங்களும் ஊரே காலி செய்துவிட்டுப் போன மாதிரி நிற்கும்.

மனிதர்களை எடுத்தவர்கள் பிறகு வந்தார்கள். 1868 முதல் 1875 வரை இந்தியாவின் மக்கள் என்ற தலைப்பில் எட்டுத் தொகுதிகளை லண்டனில் வெளியிட்டார்கள். நானூறுக்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலான படங்களுக்குக் கீழே இருப்பது சாதி, குலம், தொழில். ஆளின் பெயரைப் போடுவது, அவர் ராஜாவாகவோ ஜமீனாகவோ இருந்தால்தான். நம் கடற்கரையையும் விடவில்லை. துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பலிலிருந்து ஆட்களை அலைமேல் கரைக்குக் கொண்டுவந்த மசூலா படகுகளையும், கட்டுமரக்காரர்களையும் எடுத்து, படமாகவும் பிறகு தபால் அட்டையாகவும் விற்றார்கள். எத்தனையோ அட்டைகளைப் பார்த்துவிட்டேன். 'மெட்ராஸ் படகோட்டிகள்' என்றிருக்கும். ஒரு பெயர்? கிடையாது. அதில் இருக்கும் யாரோ ஒருவர், இதைப் படிக்கிற உங்களில் ஒருவருக்குப் பாட்டனுக்குப் பாட்டனாக இருக்கலாம்.

அடுத்து எழுதப்போவது கொஞ்சம் கனமானது. 1876 முதல் 1878 வரையிலான பஞ்சம். தாது வருடப் பஞ்சம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி, பட்டினியில் எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். லண்டன் பத்திரிகைகள் அவற்றைச் செதுக்குப் படங்களாக அச்சிட்டன. அந்த மாதிரிப் படங்களும் சேர்ந்துதான் இங்கிலாந்தில் நிவாரண நிதி குவிந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆள் நிற்கக்கூட முடியாத நிலையில், படத்துக்காக அழகாக அணிவகுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதே ஹூப்பர், பின்னால் பர்மாவில் மரண தண்டனை நிறைவேற்றுவதைப் படம் எடுத்த விதத்துக்காக 1886இல் விசாரணைக்கு ஆளானார்.

நம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை ஊரில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதானே சொல்வோம்? 1782இல் ஒரு பஞ்சத்தின்போது மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றியதால் வந்த பெயர் அது. வட சென்னைக்குப் பசி என்பது வெளியிலிருந்து வந்து பார்க்கிற காட்சி அல்ல. ஹூப்பர் படங்களை எடுத்த அதே வருடங்களில்தான், மேலே சொன்ன செனட் ஹவுஸ் எழும்பிக்கொண்டிருந்தது. 2019இல் அங்கே நின்றபோது இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. பின்னால் வருடங்களைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

ஹூப்பரின் படத்தில் இருக்கிறவர்களுக்கும் பெயர் கிடையாது.

இது வெள்ளைக்காரர்கள் நமக்குச் செய்தது மட்டும் என்றும் நினைக்காதீர்கள். 1936இல் கலிபோர்னியாவில் டோரோதியா லாங் என்ற பெண் புகைப்படக்காரர், பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாமல் தவித்த ஒரு தாயைக் குழந்தைகளோடு எடுத்தார். 'புலம்பெயர்ந்த தாய்' என்று உலகப் புகழ் பெற்ற படம். லாங் அந்தத் தாயின் பெயரைக் கேட்கவில்லை. அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978இல், நாற்பத்திரண்டு வருடம் கழித்து. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். நேஷனல் ஜியாகிரபிக் 1985இல் அட்டையில் போட்ட பச்சைக் கண் ஆப்கன் சிறுமி ஷர்பத் குலாவின் பெயரும் 2002இல்தான் தெரிந்தது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? வக்கீலாக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி விளக்கினாள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தின் உரிமை எடுத்தவருக்கு. படத்தில் இருப்பவருக்கு அதில் பதிப்புரிமை கிடையாது. ஆனால் ஒரு விதிவிலக்கு. காசு கொடுத்து என்னைப் படம் எடு என்று சொல்லி எடுக்கச் செய்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமை காசு கொடுத்தவருக்கு. இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஆயா எம்.சி. ரோடு ஸ்டுடியோ ஒன்றில் போய் உட்கார்ந்து பாஸ்போர்ட் சைஸ் எடுத்திருந்தால் அந்தப் படம் ஆயாவுடையது. மார்க்கெட்டில் யாரோ எடுத்ததால் எடுத்தவருடையது.

அந்த ஸ்டுடியோ படங்களுக்கும் இப்போது மரியாதை வந்திருக்கிறது, தெரியுமா? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரை தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் எடுத்த படங்களைத் தேடித் தேடிப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். பின்னால் மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த திரை, பக்கத்தில் முக்காலி, கல்யாண ஜோடி விறைப்பாக நிற்கும் படம். நம் வீட்டுப் பரணில் கரையான் தின்றுகொண்டிருப்பது அங்கே ஆவணம். டில்லியில் நாடக இயக்குநர் இப்ராஹிம் அல்காசி சேர்த்த தொகுப்பில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய படங்கள் இருக்கின்றன. பெங்களூரு கஸ்தூரிபா சாலையில் 2023இல் கலைக்கும் புகைப்படத்துக்கும் என்றே ஒரு மியூசியம் திறந்திருக்கிறார்கள். கொரோனா காலத்தில் அவர்கள் இணையத்தில் நடத்திய பேச்சுகளைப் போனில் கேட்டுத்தான் பாதி விஷயம் கற்றுக்கொண்டேன்.

என் வீட்டு ஆல்பம் அவ்வளவு கொடுத்துவைக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் வந்தபோது கீழ் அலமாரியில் இருந்தது. பிளாஸ்டிக் தாளை உரித்து ஒட்டுகிற ஆல்பம். நனைந்ததும் எல்லாம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டது. என் அப்பா ஹார்பர் கேட் முன்னால் சைக்கிளோடு நிற்கும் ஒரே படத்தை உரித்தேன், முகம் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. சைக்கிள் மட்டும் இருக்கிறது. அந்த மாதிரி ஒட்டும் ஆல்பம் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே மெதுவாகப் படங்களை எடுத்துத் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள், மேல் அலமாரியில் வையுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள். பின்பக்கம் பென்சிலால், அழுத்தாமல், யார், எங்கே, எந்த வருடம் என்று எழுதுங்கள். பேனா மை நம் கடற்காற்று ஈரத்தில் முன்பக்கத்துக்கே வந்துவிடும்.

நல்லதும் ஒன்று சொல்ல வேண்டும். மதுரைப் பக்கத்துக்காரர் பழனிக்குமார், சாய்நாத் தொடங்கிய 'பாரி' இணையதளத்தின் புகைப்படக்காரர். மீன் விற்கும் தன் அம்மாவைப் படம் எடுத்தவர். மலக்குழி மரணங்களைப் பற்றி வருடக்கணக்காகப் படம் எடுத்து வருபவர், உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றுத் தருகிறவர். 'பாரி'யில் ஒரு படத்தைப் பார்த்தால் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், என்ன வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று இருக்கும். அப்படிச் செய்தால் படத்தின் அழகு ஒன்றும் குறைந்துவிடுவதாக எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் சேர்த்துக்கொண்டு, அந்தக் கேலரியில் ஒரு சனிக்கிழமை புகைப்படக்காரரே வந்து பேசுகிறார் என்று தெரிந்ததும், மாணவனையும் அவன் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவன் அயர்ன் செய்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றப் பார்த்தான். வேண்டாம் என்றேன்.

பேச்சு ஆங்கிலத்தில். வெளிச்சத்தைப் பற்றி, முகத்தின் சுருக்கங்களைப் பற்றி, அலுமினியக் கூடையின் பளபளப்பைப் பற்றிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார், எனக்கே அந்தப் படத்தில் முன்பு பார்க்காத இரண்டு மூன்று விஷயம் தெரிந்தது. கேள்வி நேரம் வந்ததும் நான் எழுந்து, தமிழில், "அந்த அம்மா பேர் என்னங்க?" என்று கேட்டேன். அவர் தெரியாது என்றார். 2009இல் ஒரு காலை நேரம், அரை நிமிஷம்தான் நின்றார்கள், என்னைத் திட்டிவிட்டுப் போய்விட்டார்கள், கேட்காமல் விட்டது என் தப்புதான் என்று தமிழிலேயே சொன்னார்.

அப்போது என் பக்கத்திலிருந்து இவன் எழுந்தான். "சார், அது எங்க ஆயா. உங்கள திட்டல சார். அதுக்குக் காது கேக்காது, எல்லாரையும் அப்பிடித்தான் பாக்கும்."

கூடத்தில் யாரும் பேசவில்லை. புகைப்படக்காரர் இறங்கி வந்து இவன் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அரை மணி நேரம் படத்துக்கு முன்னால் நின்று இவன்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கூடை எந்த வருடம் வாங்கியது, எண்ணூர்வரை நடந்தே போய் விற்றது, வலது கையில் வளையல் ஏன் இல்லை என்று. வந்திருந்தவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். நான் போன எத்தனையோ கேலரிப் பேச்சுகளில் அதுதான் நல்ல பேச்சு.

அடுத்த வாரம் படத்தின் கோப்பு மெயிலில் வந்தது. ஏழில் இரண்டு பிரிண்ட் விற்றாகிவிட்டதாம், வாங்கியவர்கள் யாரென்று சொல்ல முடியாதாம். குடும்பத்துக்கு ஒரு பிரிண்ட் எண் போடாமல் தருகிறேன் என்றார். இவன் பொறுக்கவில்லை, எம்.சி. ரோட்டிலேயே பிரிண்ட் போட்டு மாலையும் சிவப்பு பல்பும் போட்டு மாட்டிவிட்டான். பணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, இவனும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று என் வக்கீல் மாணவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அட்டையில் ஆயாவின் பெயரைப் போடலாமா என்று புகைப்படக்காரர் கேட்டிருக்கிறார். அதில்தான் வீட்டில் தகராறு. கொள்ளுப்பேத்தி போட வேண்டும் என்கிறாள். இவன் பெரியப்பா, எங்க அம்மா பேர் கண்டவங்க ஹால்ல தொங்கணுமா என்கிறார். நான் போடச் சொல்வேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் முடிவு செய்யும்வரை நானும் இங்கே அந்தப் பெயரை எழுதப்போவதில்லை.

ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிவிட்டு என் பீரோவைத் திறந்தேன். 1989இல் நம் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்ட குரூப் போட்டோ வெள்ளத்துக்குத் தப்பி மேல் தட்டில் இருந்தது. திருப்பிப் பார்த்தால் வெறும் காகிதம். சரித்திரப் பாடம் எடுத்த டீச்சர் ஒரு எழுத்துகூட எழுதி வைக்கவில்லை.

மொத்தம் 46 பேர். மூன்று நாள் உட்கார்ந்து யோசித்து 39 பேரை எழுதிவிட்டேன். ஏழு பேர் பாக்கி. படத்தைக் கீழே போட்டிருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள். கடைசி வரிசையில் இடமிருந்து இரண்டாவது, நான்காவது. நடு வரிசையில் தூணை ஒட்டி நிற்கும் மூன்று பெண்கள், அதில் ஒருத்திக்கு ரிப்பன் ஒரு பக்கம்தான் இருக்கிறது. கீழே உட்கார்ந்திருப்பதில் என் காலடியில் கண்ணை மூடியிருக்கும் பையன். அவன் பக்கத்தில் ஸ்லேட்டைப் பிடித்திருப்பவன். தெரிந்தவர்கள் இனிஷியலோடு எழுதுங்கள். பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.

உங்கள் டீச்சர்
திருவொற்றியூர்